மரக் கேமராவுக்கு ஒரு பை

7 அக்டோபர் 2007, ஞாயிறு

கேமரா வந்துவிட்டது. மச்சினன் கமலக்கண்ணன் காலையிலேயே பெங்களூரிலிருந்து வந்து கொடுத்துவிட்டு, அக்கா சரஸ்வதி சுட்ட தோசைகளைக் காலி செய்துவிட்டு, மத்தியானமே பஸ் ஏறிவிட்டான். அவன் புதிது வாங்கிவிட்டான், பழையது எனக்கு. பழையது என்று அவன்தான் சொல்கிறான். உடம்பில் கீறல் இல்லை, லென்ஸில் பூசணம் இல்லை, ஷட்டர் சத்தம் சுத்தம். டிஜிட்டல் என்பதால் ஃபிலிம் ரோல் செலவும் இல்லை. தூரத்தில் இருப்பதை எடுக்கத் தனியாக ஒரு நீள லென்ஸ் வேறு.

பை மட்டும் இல்லை. "வீடு மாத்தறப்ப எங்கயோ போயிருச்சு மாமா" என்கிறான். இவனையெல்லாம் நம்பி எந்தக் கம்பெனி வேலை கொடுத்ததோ.

துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். சரஸ்வதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு மஞ்சப்பையில போட்டுத் தூக்கிட்டுப் போனா என்னவாம்?" என்றாள். மஞ்சப்பையில்! ஃபவுண்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? பை என்றால் சின்னதாக, முதுகில் மாட்டுகிற மாதிரி, உள்ளே பஞ்சு வைத்து, கேமராவுக்கு ஓர் அறை, லென்ஸுக்கு ஓர் அறை என்று இருக்க வேண்டும். விலையும் நம் கைக்கு அடங்க வேண்டும். ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

9 அக்டோபர், செவ்வாய்

டீக்கடையில் சென்னப்பனைப் பார்த்தேன். முன்பு எங்கள் ஃபவுண்டரியில் கான்ட்ராக்டில் இருந்தவன். இப்போது தேன்கனிக்கோட்டை பக்கம் சொந்த நிலத்தில் ராகி போட்டிருக்கிறான். கதிர் முற்றினால் காட்டிலிருந்து யானை வந்துவிடும். போன வருடம் யானை மிதித்துப் போட்டதில் மறுநாள் மாடுகளும் புகுந்து, மழையும் பெய்து, வனத்துறை ஆட்கள் வந்து பார்க்கும்போது எது யானை செய்தது என்று காட்டவே முடியவில்லை. நஷ்ட ஈடு வந்தும் வராத மாதிரிதான்.

"ஆன தின்னதா மாடு தின்னதான்னா நான் இன்னாண்ணா சொல்றது? இந்த வாட்டி வந்த ஒடனே போன் பண்றன். நீ வந்து போட்டோ புடிச்சிக் குடுத்துடு. ஒன்னத்தான் நம்பிக்கினு கீறன்" என்றான்.

"பை வாங்கினதும் முதல் வேலை உன் வேலைதான்" என்றேன்.

"பை எதுக்குண்ணா?"

இதையெல்லாம் டீக்கடையில் நின்று விளக்க முடியாது.

14 அக்டோபர், ஞாயிறு

கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பையில் கேமரா சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, கேமராவைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கேமராவைக் கொண்டுபோக ஒரு பை வேண்டும். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன். "என்ன, அதுக்குள்ள வாங்கியாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

16 அக்டோபர், செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. நாம் தினமும் செய்கிற வேலைதான்! ஒரு துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்குரிய கேஜை உள்ளே விட்டுப் பார்ப்போம். போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். பைக்கும் அப்படி ஒரு கேஜ் செய்துவிட்டால்? நிஜக் கேமரா பீரோவில் பத்திரமாக இருக்கும். கடைக்கு வருவது மரக் கேமரா.

வெர்னியரால் நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்து படம் வரைந்து, பேட்டர்ன் ஷாப் சின்னராஜிடம் கொடுத்தேன். இரும்பை ஊற்றி வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுப்பது அவன் வேலை. நாகரசம்பட்டிக்காரன். கையில் உளி இருந்தால் போதும், உலகம் தெரியாது. "வெள்ளிக்கிழம வாங்கிக்கண்ணா" என்றான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தொழிலாளி.

19 அக்டோபர், வெள்ளி

கம்பெனியில் ஆயுத பூஜை. மரக் கேமராவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ரம்பம் உளிகளோடு வரிசையில் வைத்து, சந்தனம் குங்குமமும் இட்டிருந்தான் சின்னராஜ். லென்ஸ் கூட உருண்டையாக அச்சு அசல். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி நாராயணப்பன் பிடித்துக்கொண்டார். "கேமரா உள்ள கொண்டு வர்றதே தப்பு சார்."

"இது கேமரா இல்லை, மரம்."

தட்டிப் பார்த்தார். "மரம்னா வெளிய கொண்டு போறதுக்கு கேட் பாஸ் வேணும் சார்."

பாஸ் வாங்கினேன். 'மரக்கட்டை, குங்குமம் வைத்தது, ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

21 அக்டோபர், ஞாயிறு

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வம் பேக் கடை. போனதுமே கண்ணில் பட்டது ஒரு சின்னக் கறுப்புப் பை. நான் மனதில் வைத்திருந்த பை இதுதான். அறைகள் சரி, பஞ்சு சரி, விலையும் சரி. மரக் கேமராவை உள்ளே விட்டேன். ஜிப் மூடவில்லை. சாய்த்து வைத்தேன், தலைகீழாக வைத்தேன். ம்ஹூம்.

கடைக்காரர் செல்வம் எட்டிப் பார்த்தார். "ஒரு நூலுதான் சார் இடிக்குது. அந்தக் கட்டைய லேசா இழைச்சிக்கினு வந்துடுங்களேன்."

எனக்கு வந்த கோபம்! கேஜை இழைப்பதா? பொருள்தான் கேஜுக்கு ஏற்ப இருக்க வேண்டும் ஐயா, கேஜ் பொருளுக்கு ஏற்ப வளையாது என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்வம் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

28 அக்டோபர், ஞாயிறு

கிருஷ்ணகிரி. ஏறி இறங்காத கடை இல்லை. சின்னப் பை எதிலும் போகவில்லை. இந்தப் பை செய்கிறவர்களெல்லாம் கேமராவைக் கண்ணால் பார்த்திருப்பார்களா?

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் என் மடியைப் பார்த்துவிட்டு, "எங்க பையன ஒண்ணு புடிங்க சார்" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். குழந்தை வேறு சிரித்துவிட்டது. மனசு கேட்கவில்லை. மரக் கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்குகிற மாதிரி அமுக்கினேன். "போட்டோ எப்ப சார் வரும்?" சூளகிரியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

3 நவம்பர், சனி

சென்னப்பன் போன். யானை வந்து ஓர் ஓரத்தை மட்டும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. "வர்றியாண்ணா?" இங்கே தூறல். பை இல்லை. தூறலில் துண்டில் சுற்றியா கொண்டு போவது? அடுத்த தடவை கட்டாயம் வருகிறேன் என்றேன்.

"பரவால்லண்ணா" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

8 நவம்பர், தீபாவளி

எங்கள் பாப்பாவை மத்தாப்போடு ஒரு படம் எடுக்கச் சொன்னாள் சரஸ்வதி. புகை லென்ஸுக்கு ஆகாது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதிரசம் மட்டும் தட்டில் வந்து விழுந்தது.

18 நவம்பர், ஞாயிறு

வாங்கிவிட்டேன்! பெங்களூரில். மரக் கேமராவை வெளியே எடுத்ததும் கடைக்காரன் பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கன்னடத்தில் கூப்பிட்டுக் காட்டினான். காட்டட்டும். கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பாஸ்.

சின்னது என்று சொல்ல முடியாது. மலிவு என்றும் சொல்ல முடியாது. அத்திப்பள்ளி தாண்டும்போது கண்டக்டர் "மூட்டைய மேல போடுங்க" என்றார்.

வீட்டில் பாப்பா அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கொண்டாள். சரஸ்வதி, "நல்லது. ஊருக்குப் போறப்ப இவளுக்கு டிக்கெட் மிச்சம்" என்றாள்.

1 டிசம்பர், சனி

மரக் கேமராவைப் புதுப் பையில் வைத்து பைக்கில் பாகலூர் ரோடு போய் வந்தேன். அந்த ரோட்டில் ஆளே குலுங்கிப் போவான். உள்ளே ஆடவில்லை, அசையவில்லை. டிரையல் ஓகே.

2 டிசம்பர், ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

விடிந்ததும் சென்னப்பன் போன். குரலே சரியில்லை. "கூட்டமா வந்துட்டுதுண்ணா. பாதிக் கொல்லை போச்சு. நாளைக்கு வந்து பாக்கறாங்களாம். மானம் வேற கருக்கினு கீது. மழ வந்தா தடமெல்லாம் போயிடும். வந்துடுண்ணா."

பல் கூடத் தேய்க்கவில்லை. பையை மாட்டினேன், பைக்கை எடுத்தேன். பை முதுகில் என்ன சுகமாக உட்கார்ந்தது! இத்தனை நாள் அலைந்தது வீண் இல்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

வயலைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. அறுக்கிற பதத்தில் இருந்த ராகி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. சென்னப்பன் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி ருக்மணி மாடு உள்ளே வராமல் காவல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ரெண்டு பேர் முகத்திலும் ஒரு தெம்பு வந்தது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, கையை விட்டேன்.

மரம்.

நேத்து டிரையல் பாத்துட்டு எடுக்கல. எடுக்கவே இல்ல! சந்தனப் பொட்டு வேற அப்படியே இருக்கு.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ருக்மணி மட்டும் கிட்ட வந்து பார்த்துவிட்டு, மெதுவாக, "இதுல எப்படிண்ணா போட்டோ வரும்?" என்று கேட்டாள். சந்தேகம் கேட்கிற குரல்தான், கிண்டல் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "நீங்க வந்து திரும்பிப் போறதுக்குள்ள மழை வந்துரும். அங்கயே இருங்க, நான் பஸ்ஸப் புடிச்சு வாரேன்."

"எதில் கொண்டு வருவாய்?"

போனை வைத்துவிட்டாள்.

சென்னப்பன் என் பைக்கில் தேன்கனிக்கோட்டை போய் அழைத்து வந்தான். சரஸ்வதி, மடியில் பாப்பா, கையில் மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் துண்டு, துண்டுக்குள் கேமரா. நின்றுகொண்டே வந்தாளாம், பஸ்ஸில் அவ்வளவு கூட்டமாம். ஒரு கீறல் இல்லை.

கை நீட்டினேன். அவள் தரவில்லை. மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டாள். வரப்பு மேல் ஏறி முழு வயலையும் எடுத்தாள். யானை ஒடித்த வேலிக்கல்லை எடுத்தாள். குனிந்து யானைக் கால் தடத்தை எடுக்கப் போனவள் நிமிர்ந்து, "ஏங்க, அந்தக் கட்டைய இதுக்குப் பக்கத்துல வைங்க. தடம் எம்புட்டுப் பெருசுன்னு தெரியணும்ல" என்றாள். வைத்தேன். மரக் கேமரா செய்த முதல் உருப்படியான வேலை.

"உனக்கு எப்படி இதெல்லாம்..."

"நீங்க பை பாக்கப் போன ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சீங்க?"

கடைசிப் படம் எடுத்து, கேமராவை மஞ்சப்பைக்குள் வைக்கும் முன் மரக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு இல்லை. மரம் பெரிது. எல்லாப் பக்கமும் பெரிது.

மழை நாங்கள் வீடு சேர்ந்த பிறகு கொட்டியது.

3 டிசம்பர், திங்கள்

நேரே பேட்டர்ன் ஷாப். வெர்னியரை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

சின்னராஜ் உளியைக் கீழே வைக்கவே இல்லை. "பெருசாத்தாண்ணா இருக்கும். இரும்பு ஆறினா சுருங்கும், அதுக்குக் கொஞ்சம் கூட வுடணும். அப்பறம் மெஷின்ல சீவறதுக்கு வுடணும். ஒனக்குத் தெரியாததா?"

"டேய், இந்தக் கேமராவ யாருடா இரும்புல ஊத்தப் போறா?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? நீ டிராயிங் குடுத்த. சாம்பிள் ஆர்டராக்கும்னு நெனச்சிக்கினன்."

அவனை என்ன சொல்ல? உள்ளே வரும் எந்தப் பொருளையும் அளக்காமல் பாஸ் பண்ணாதே என்று புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். குங்குமத்தைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அளக்கவில்லை.

5 டிசம்பர், புதன்

வயல் படங்களைப் பிரிண்ட் போட்டு சென்னப்பனிடம் ஞாயிற்றுக்கிழமையே சேர்த்தாயிற்று. கார்டில் இருந்த மீதிப் படங்களை இன்றுதான் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பார்த்தேன். பாப்பா மத்தாப்போடு. புகை நடுவில் அவள் முகம் மட்டும் தெரிகிறது, அவ்வளவு அழகு. நான் எடுக்க மாட்டேன் என்ற படம். மொட்டை மாடியில் காயும் வடகம். பக்கத்து வீட்டு ரங்கம்மா பல் இல்லாமல் சிரிக்கிறார். பிறகு நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணகிரி அலைச்சலுக்கு அப்புறம் போலிருக்கிறது. வாயைத் திறந்து தூங்குகிறேன், மார்பின் மேல் மரக் கேமரா, அதன் மேல் என் கை.

ஸ்டூடியோக்காரர், "யார் சார் எடுத்தது? கை நல்லா இருக்கே" என்றார். என் மனைவி என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

13 ஜனவரி 2008, ஞாயிறு

சென்னப்பன் வந்திருந்தான், ஒரு மூட்டை ராகியோடு. இந்தத் தடவை முழு நஷ்டமும் கணக்கில் வந்துவிட்டதாம். "அந்தக் கால் தடம் போட்டோவ ரெண்டு வாட்டி பாத்தாங்கண்ணா. பக்கத்துல இருக்கறது இன்னா கேமரான்னு கேட்டாங்க." போகும்போது சரஸ்வதியிடம், தன் தங்கை மகள் காதுகுத்துக்கு வந்து படம் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு செல்வம் கடைக்குப் போனேன். அந்தச் சின்னக் கறுப்புப் பை இன்னும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சரஸ்வதி மஞ்சப்பையிலிருந்து கேமராவை எடுத்து உள்ளே வைத்தாள். லென்ஸை வைத்தாள். ஜிப் வழுக்கிக்கொண்டு மூடியது.

செல்வம் என்னை மறக்கவில்லை. "பாத்தீங்களா சார்! கட்டைய இழைச்சிட்டீங்களா?"

சரஸ்வதி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றேன். "இழைத்துவிட்டேன்."

பையை அவள் தோளில் மாட்டிக்கொண்டாள். நாளையிலிருந்து பெங்களூர்ப் பையில் எனக்கு ஷிப்ட் சாப்பாடு. லென்ஸ் அறையில் ரசம் நிற்குமா என்று பார்க்க வேண்டும்.