தேர்வுக்காக வெட்டாமல் வைக்கப்பட்ட என் ஈறு

அனுப்புநர்:
வெளிநோயாளி அட்டை எண் 4417,
ஈறு நோய்ப் பிரிவு.
(விடுதியொன்றின் சலவைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பிரஸ் மெஷின் ஓட்டியவர், இப்போது வேலையில் இல்லை)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பொருள்: வலிப்பு மாத்திரையின் பக்க விளைவாக வளர்ந்த ஈறுகளை மாணவர் தேர்வுகளுக்காக மூன்றரை ஆண்டுகள் சிகிச்சையின்றி வைத்திருந்தது – அதன் தொடர்ச்சியாக விரல்களை இழந்தது – இன்னொரு பெண்ணுக்கும் அதுவே நடக்கவிருப்பது – உடனடி நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மருத்துவமனையில் உள்ள என் கோப்பு, முதல் பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வலது கையில் மூன்று விரல்கள் இல்லாததால் இம்மனுவை நான் சொல்லச் சொல்ல என் கணவர் எழுதுகிறார். அவர் பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதுபவர். ‘கண்ணீருடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று தொடங்குவது அவர் வழக்கம். இதில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழ வேண்டியதை அழுது முடித்தாயிற்று. இப்போது எனக்கு இருப்பது கோபம்.

2. ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் எனக்கு வலிப்பு வந்தது. பெரிய மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. அந்த மாத்திரை மீது எனக்குக் குறையில்லை. ஓராண்டு கழித்து முன்பற்களுக்கு இடையில் ஈறு அரிசி அரிசியாகத் தடித்தது. பிறகு பாதிப் பல்லை மூடியது. பல் துலக்கினால் இரத்தம், மென்றால் ஈறே கடிபடும். வலிப்பு மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. பல் சங்கதியைப் பல் மருத்துவரிடம்தானே சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். தங்களிடம் வந்த முதல் நாளே, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று வலிப்பு அட்டையைக் காட்டிச் சொன்னேன். எழுதியும் கொண்டார்கள்.

3. பேராசிரியர் என் வாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “எல்லாரும் ஓடி வாங்க, இப்படி ஒரு கேஸ் புத்தகத்துலகூட பார்க்க முடியாது” என்று மாணவர்களைக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் பார்க்கிறார்களே, சீக்கிரம் குணமாகிவிடும் என்று நான் மகிழ்ந்தேன். போகும்போது அவர், “வெட்டி எடுத்துடலாம்மா, பரீட்சை மட்டும் முடியட்டும்” என்றார்.

4. அது என்ன பரீட்சை என்பது பிறகுதான் புரிந்தது. நோய் நன்றாகத் தெரிகிற நோயாளிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. தேர்வு நாளில் நாங்கள் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்க, மாணவர்கள் பார்த்து விடை சொல்வார்கள். ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் அழைத்து, “பிரஷ் போடாதீங்க, வீக்கம் நல்லா தெரியணும்” என்பார்கள். நானும் பிரஷ் போடாமல் வந்தேன். முடிந்ததும் வெட்டுவது எப்போது என்று கேட்டால், அடுத்த தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம்தானே இருக்கிறது என்பார்கள். இப்படி ஏழு தேர்வு.

5. அந்த ஏழு தேர்வுக் காலத்தில் வீட்டில் நடந்ததையும் தாங்கள் அறிய வேண்டும். “நீ சிரிச்சா கறிக்கடை திறந்த மாதிரி இருக்கு” என்று என் கணவர் தம் அண்ணன் குடும்பத்தார் முன்னால் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்; நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். (இந்த வரியை எழுதும்போது அவர் பேனாவைக் கீழே வைத்தார். மனு என்னுடையது, எழுதுங்கள் என்றேன்.) எட்டு வயது மகள் பள்ளி வாசலில் என்னைக் கண்டால் ஓடி வந்து முதலில் தன் உள்ளங்கையால் என் வாயை மூடுவாள். பார்க்கிறவர்கள் அதைப் பாசம் என்று நினைத்தார்கள். “அம்மா, இங்க மட்டும் பேசாத” என்று காதோடு சொல்வது எனக்குத்தான் கேட்கும். குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுதச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

6. ஏழாவது தேர்வில் ஒரு மாணவி வந்தார். கண்ணாடி போட்டவர். என் உதடுகளை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கி போட்டு இழுத்து வைத்திருந்தார்கள். அவர் தேர்வாளரிடம் சொன்னார்: “சார், இவங்க வலிப்புக்குச் சாப்பிடுற மாத்திரையாலதான் ஈறு வளர்ந்திருக்கு. முதல்ல அந்த மாத்திரைய நிறுத்தி...” அப்போது மணி அடித்தது. தேர்வாளர் தலையாட்டி, “போதும்மா, அடுத்த ஆள்” என்றார். மூன்றரை ஆண்டுகளில் காரணத்தை நான் கேட்டது அதுவே முதல் முறை. வாயில் கொக்கி இருந்ததால் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை.

7. அன்றே மாத்திரையை நிறுத்தினேன். இது என் தவறு, மறைக்கவில்லை. பெரிய மருத்துவர் ஒருவர் தலையாட்டியதை நான் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு மருத்துவர் பார்த்து வேறு மாத்திரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்ற மீதி விடையை அவசரப் பிரிவு மருத்துவர்தான் பிறகு சொன்னார். அதற்குள் பதினோராவது நாள் வந்துவிட்டது. பிரஸ் மெஷினில் தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து, மிதிகட்டையிலிருந்த கால் விறைத்து அழுத்திவிட்டது. சூடான மேல்தட்டு என் கை மீது இறங்கியது. கால் மிதித்திருக்கும் வரை அந்தத் தட்டு எழும்பாது. சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா ஓடி வந்து என் காலைப் பிடித்து இழுத்தார். அவர் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி. விடுதியில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

8. அவசரப் பிரிவிலேயே வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வீக்கம் பாதி வற்றிவிட்டது. அதாவது, வலிப்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். மீதியை வெட்டிக்கொள்ளக் கட்டுப்போட்ட கையோடு தங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். பேராசிரியர் கையைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தார். “அடடா, வத்திப்போச்சே” என்றார். பட்டியலிலிருந்து என் எண்ணை அடிக்கச் சொன்னார். தேர்வு நோயாளியாக இருந்தவரை அடுத்த தேர்வு, அடுத்த தேர்வு என்றவர்கள், இப்போது பொது வரிசையில் பதினான்கு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள்.

9. விபத்து இழப்பீட்டு விண்ணப்பத்துக்காக என் கோப்பின் நகலை வாங்கினோம். முதல் பக்கத்தில், நான் வந்த முதல் நாளே, யாரோ ஒரு பயிற்சி மருத்துவர் எழுதியிருக்கிறார்: ‘மாத்திரையால் வந்தது. வலிப்பு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும்.’ அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் அதே மையில், வேறு கையெழுத்தில்: ‘தேர்வுக்கு ஏற்றவர். அப்படியே வைக்கவும்.’ என் கணவர் இதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். இரண்டாம் முறை அவரால் முடிக்க முடியவில்லை. எனக்கு அவர் மீது இரக்கம் வரவில்லை.

10. இதோடு விட்டிருப்பேன். ஆனால் நேற்று அந்த நகலை வாங்க வந்தபோது, அதே நாற்காலியில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் என்னுடையதைப் போன்ற வலிப்பு அட்டை. ஈறு இப்போதுதான் தடிக்கத் தொடங்கியிருக்கிறது. பேராசிரியர் முகம் மலர்ந்திருந்தது. “பரீட்சை மட்டும் முடியட்டும்” என்று அவளுடைய தாயிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் அந்தத் தாயிடம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கேளுங்கள் என்றேன். அவர் என் கையையும் வாயையும் பார்த்தார். “பெரிய டாக்டரே சொல்றாரு, நீங்க யாரு?” என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் எல்லாம் இன்னும் தெரிகிறது.

ஆகவே ஐயா, என் அறுவைச் சிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவரவும், என் கோப்பில் சிவப்பு மையால் எழுதியவரை விசாரிக்கவும் வேண்டுகிறேன். இவ்விரண்டுக்கும் தாங்கள் சட்டப்படி எடுத்துக்கொள்ளும் காலத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணின் வலிப்பு மருத்துவருக்கு எழுத வேண்டிய கடிதம் மட்டும் தாமதிக்கக் கூடாது. அவளுடைய வெளிநோயாளி அட்டை எண் 6093; நேற்று அவளை அழைத்தபோது கேட்டேன். நீங்கள் யார் என்று என்னைக் கேட்டவர் அவள் தாய். தாங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
அட்டை எண் 4417
(இடது பெருவிரல் ரேகை)

நாள்: எட்டாவது தேர்வுக்கு ஆறு நாள் முன்பு
இடம்: தங்கள் அறை வாசல், காத்திருப்போர் பெஞ்சு