பொத்தான் வைத்த உறை

பிப்ரவரி 3, திங்கள்
தலையில் இன்னொரு வேலை. எங்கள் தையல் கூடத்தின் தீப் பாதுகாப்புக்கு இனி நான் பொறுப்பாம். "நீங்கதான் எல்லாத்தையும் நீட்டா வச்சிருக்கீங்க" என்றார் மேலாளர். அவர் சொன்ன 'நீட்' இதுதான்: சுவரில் மாட்டிய தீயணைப்பானுக்குத் தூசி படாமல் சிவப்புத் துணியில் உறை தைத்து, ஐந்து பொத்தான் வைத்தேன். அதன் கைப்பிடியில் செருகியிருந்த பூட்டு ஊசி, அந்தப் 'பின்', ஆடிக்கொண்டிருந்தது; அதை நைலான் நூலால் இறுக்கிக் கட்டினேன். பார்க்க அம்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 6
தீயணைப்புப் பயிற்சி. மானம் போயிற்று.

பயிற்சியாளர் உறையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, தீப்பிடிச்சா, 'கொஞ்சம் இரு, பொத்தானை அவுத்துட்டு வரேன்'னு அதுகிட்ட சொல்லுவீங்களா?" கூடமே சிரித்தது. அங்கேயே தைக்கும் என் நாத்தனாரும் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவிழ்க்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. கத்தரி தேடி வெட்டி முடிக்க ஒரு நிமிடம் நாற்பது வினாடி. "அதுக்குள்ள இங்க இருக்கிற துணியெல்லாம் பத்தியிருக்கும்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வெளியே தகரத் தட்டில் தீ மூட்டி, தான் கொண்டுவந்த தீயணைப்பானை என் கையில் கொடுத்தார். பின்னை இழு, தீயின் அடிக்குக் குறி வை, அழுத்து, இடம் வலமாக வீசு. நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். பவுடர் முழுக்க அவர் பூட்ஸ் மேல்.

பிப்ரவரி 7
உறையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நாத்தனார் உட்காருவது கடைசி மேசை. பக்கத்தில் பின்கதவு. அதை மறைத்து ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அடுக்கச் சொன்னது நான். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான். ஏதாவது ஆகியிருந்தால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பேன்?

பிப்ரவரி 10
பெட்டிகளை எடுக்கணும் என்றேன். "எங்க வைக்கிறது, என் தலையிலயா?" என்றார் மேலாளர். "உங்க ரூம்ல நிறைய இடம் இருக்கு சார்." சொல்லிவிட்டேன்! எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? இப்போது அவர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போன் பேசுகிறார்.

பிப்ரவரி 14
காய் நறுக்கும்போதும் பின்னை இழு, அடிக்குக் குறி வை என்று முணுமுணுக்கிறேன். "என்ன, மந்திரமா?" என்கிறார் இவர்.

பிப்ரவரி 26
அவசரத்தில் எழுத்து கோணல். பரவாயில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காலை பதினொரு மணி. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு யாரோ போய்விட்டார்கள். புகை, அப்புறம் தீ. ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாள். "ஊத்தாதே, கரண்ட்டு!" — அது என் குரலா? எல்லோரையும் வெளியே போகச் சொல்லி மெயினை அணைத்தேன். பின்னை இழுத்தேன். சட்டென்று வந்துவிட்டது! இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டே அடித்தேன். அணைந்தது.

வெளியே வந்து தலை எண்ணினால் ஒன்று குறைகிறது: நாத்தனார். அவ எங்க? ஐயோ, அவ எங்கடி?

பின்கதவு வழியாகப் போனவள், கட்டடத்தைச் சுற்றி ஆடி அசைந்து வருகிறாள். "ஏன் அண்ணி அழறீங்க? ஓடக்கூடாது, நடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தெருவென்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பாடா. அப்பாடா.

ஏப்ரல் 19
பெண் குழந்தை. மூன்று கிலோ. தாயும் சேயும் நலம்.

அந்தச் சிவப்பு உறையைப் பிரித்து, துவைத்து, மிச்சத் துணியோடு சேர்த்துச் சின்னப் போர்வையாகத் தைத்துக் கொண்டுபோனேன். நாத்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொத்தான் எங்க அண்ணி?"

"வைக்கலை. சட்டுனு தூக்கணும்ல."