கடலுக்கு மேல் அம்மா

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா விமானம் ஏறினாள். பதறாதே, நம் வீட்டுக் கூடத்தில்தான்.

மருத்துவர் சொன்னதை உன்னிடம் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். அடுத்த மாதம் முதுகில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு எப்படி இருப்பாள் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். அதற்கு முன்னால் பேத்தியை ஒருமுறை தூக்கிவிட வேண்டும் என்று இவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். உன் ஊர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எங்கும் இறங்காமல் பறந்தாலும் பதினாலு மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார முடிகிறதா என்று முதலில் வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். “முப்பது வருஷமா தையல் மெஷின்ல உட்காந்தவ நான். பிளேன்ல உட்கார மாட்டேனா?” என்றாள். அந்த முப்பது வருஷம்தான் முதுகைத் தின்றது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் சாப்பிட்டதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். காலை நீட்ட முடியாதபடி முன்னால் இன்னொரு நாற்காலி. என் பழைய பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் ஓடியது. கண்ணை மூடினால் என்ஜின் சத்தமேதான். எதிர்வீட்டு டீச்சர் தட்டில் காபி ஏந்தி வந்து பணிவாகக் குனிந்து கொடுத்தார். இது டிக்கெட்டிலேயே சேர்த்தியா என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கினாள்.

நான் வரைபடத்தை மடியில் விரித்து, இப்போது எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மலைகள் போயின. பாலைவனம் போயிற்று. திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. அதன் வெள்ளை அவள் முகத்தில் விழுந்தபோது, கூடமே தரையை விட்டு எழும்பிவிட்டது போல எனக்கும் இருந்தது. கீழே என்ன என்று கேட்டாள். கடல் என்றேன். எட்டிப் பார்த்தாள். தெருவில் சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். “ஆமா, தண்ணிதான்” என்றாள்.

பிறகு தூங்கிப்போனாள். தூக்கத்தில் இரண்டு கைகளும் எதையோ ஏந்தியிருந்தன.

ஆறு மணி நேரம் தாண்டியிருக்கும். விழித்துக்கொண்டாள். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இறங்கிவிடலாமா என்று கேட்டேன்.

“கடல் மேல எங்கங்க இறங்கறது?”

வரைபடத்தைப் பார்த்தேன். கடல் முடிகிற இடத்தில் ஓர் ஊர் இருந்தது. விமானங்கள் நின்று கிளம்புகிற ஊர். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றேன். ஏழு மணி நேரம் ஆகி அந்த ஊர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எழுந்து நிற்க என் தோள் தேவைப்பட்டது.

படுத்தபடியே அந்த ஊரைப் பற்றி விசாரித்தாள். குளிருமா, தங்க இடம் இருக்குமா, கைக்குழந்தைக்கு வெந்நீர் கொடுப்பார்களா என்றெல்லாம். கடைசியில், அங்கிருந்து உன் ஊர் எவ்வளவு தூரம் என்றாள். அளந்து பார்த்தேன். ஏறக்குறைய நாம் வந்த அதே தூரம்தான் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “அவகிட்ட கேட்டுடாதீங்க, லீவு கிடைக்காது” என்றாள்.

அதனால் நான் கேட்கவில்லை. ஏழு மணி நேரம் என்றால் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஊரின் பெயரை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்த மாதக் கடைசி வரை அம்மா பயணம் செய்யலாம்.

மூன்று பேருக்கும் எங்கள் ஆசிகள்.

அப்பா