இறக்கத்தில் பூஜ்யம்

ஜூன் 9, திங்கள்

காலையிலயே காத்து. குத்தாலத்துல சாரலாம், பாளையங்கோட்டையில வெறும் புழுதி. மேசையத் தொடச்சி முடிக்கதுக்குள்ள மறுபடி மண்ணு.

இன்னைக்கு வேல: ரெண்டு மலை வேனுக்கும் ஸ்டியரிங் அடியில, இஞ்சின் கணக்கப் போனுக்கு அனுப்புத டப்பா சொருகணும். டேஷ்போர்டுல போன் மாட்டணும். ஆப்ல மைலேஜ் மீட்டர். கேஸ் புக் பண்ணணும் (மறந்துட்டேன்).

மொதலாளி அண்ணாச்சி உத்தரவு. "செல்வி, எவன் டீசலக் குடிக்கான், எவன் மிச்சம் புடிக்கான், எனக்கு முள்ளாத் தெரியணும்." ஆப்ல வேகம் இருக்கு, மணிக்கு எத்தன லிட்டர் போவுதுன்னு இருக்கு, மைலேஜ் மட்டும் இல்ல. நாமளே கணக்கு எழுதி மீட்டர் உண்டாக்கணும். எழுதினேன். வேகத்த லிட்டரால வகுத்தா மைலேஜ். இம்புட்டுதான்.

ஒரே தொந்தரவு. கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இஞ்சின் டீசலே குடிக்கல. லிட்டர் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்க முடியாதுன்னு மீட்டர்ல கோடு கோடா வருது, பாக்க அசிங்கம். டீசல் பூஜ்யம்னா மீட்டரும் பூஜ்யம் காட்டட்டும்னு ஒரு வரி சேத்தேன். இப்ப லெட்சணமா இருக்கு. இருபதுக்கு மேல பச்சை, பத்துக்குக் கீழ சிவப்பு. எனக்கே என்னைய மெச்சிக்கலாம்போல இருந்துச்சி.

மாசக் கடைசியில யாரு மீட்டர் சராசரி கூடுதலோ அவனுக்குப் புது ஏசி வேன். ஆடி பொறக்கதுக்கு முன்ன வண்டி வருது. கேட்டதுல இருந்து இசக்கிக்குச் சோறு எறங்கல. என் தம்பி, ஒரு வேன் அவன் கையில. அம்மா போன பொறவு தம்பி என்ன, பிள்ளை என்ன, எல்லாம் இவன்தான்.

ஜூன் 11, புதன்

வெயில். மத்தியானம் கரண்ட் இல்ல.

ரெண்டு பேருக்கும் காரையார் மலைக்கு டிரிப்பு. இசக்கி சராசரி 31. காதர் பாய் 9. அண்ணாச்சி என் மேசையத் தட்டிச் சிரிச்சாவ.

மேலப்பாளையத்துல இருந்து வாற காதர் பாய்தான் எங்ககிட்ட மூத்த டிரைவர். மூஞ்சி தொங்கிப்போச்சி. "என்னம்மா, இறக்கத்துல பைய ரெண்டாம் கியர்ல இறக்குதேன். ஒம் பொட்டி என்னையப் பூஜ்யங்குது. தலை நரைச்ச பொறவு பெயிலாக்கிட்டியே."

"ஏத்தத்துல மிதிச்சிருப்பீய பாய்" ன்னேன். வேற என்ன சொல்ல? அவரு பாதி டீய வச்சிட்டுப் போயிட்டாரு.

இசக்கி ராத்திரி பாட்டுப் பாடிக்கிட்டே தோசை தின்னான்.

ஜூன் 14, சனி

மேக்க மலை தெரியல, பூராவும் மேகம்.

இசக்கி சாயந்திரம் வண்டியக் கொண்டாந்து நிறுத்தினான். பக்கத்துல போனா கருகின நாத்தம். ரப்பரா, துணியான்னு தெரியல. முன்சக்கரத்துக்கிட்ட கைய நீட்டினேன், அடுப்பு கணக்கா அனலடிச்சிது.

"ஏலே, என்ன இது?"

"மலை வண்டின்னா அப்படித்தான். ஒனக்கு என்ன தெரியும், போக்கா."

இன்னைக்கு சராசரி 36. போர்டுல அண்ணாச்சியே எழுதினாவ. பங்க் பில்லு ரெண்டையும் வச்சிப் பாத்தேன். ரெண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே டீசல்தான் போட்டிருக்கு. மீட்டர்ல நாலு மடங்கு, பங்க்ல ஒண்ணுமில்ல. எங்கயோ உதைக்கி. அண்ணாச்சிகிட்ட சொன்னா, "ரெண்டுலயும் போன மாசத்துக்கு டீசல் குறச்சல்தானம்மா. பொறவு என்ன?"

தலைவலி. சீக்கிரம் படுத்தாச்சி. அந்த நாத்தம் சேலையிலயே இருக்கு.

ஜூன் 18, புதன்

எழுத்து கோணக் கோண வருது, வரட்டும்.

பங்க் பில்லு மனசுலயே கெடந்துச்சி. வண்டியில இருந்து வந்த பதிவ இன்னைக்கு உக்காந்து விரிச்சிப் பாத்தேன். இசக்கி வண்டி, காரையார் இறக்கம். வேகம் நாப்பது. இஞ்சின் சுத்து நிமிசத்துக்கு எண்ணூறு. நிக்கித வண்டிக்குத்தான் எண்ணூறு இருக்கும். நியூட்ரல். மலை இறக்கம் பூரா நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்திருக்கான், பிரேக் ஒண்ணையே நம்பி.

நியூட்ரல்ல இஞ்சின் கொஞ்சூண்டு டீசல் குடிக்கும். மணிக்கு முக்கால், முக்காலே அரைக்கால் லிட்டர். நாப்பத அதால வகுத்தா அம்பது. பச்சை. காதர் பாய் ஒழுங்கா கியர்ல இறக்குதாரு, ஒரு சொட்டு டீசல் போகல, அவருக்குப் பூஜ்யம். சிவப்பு. அந்த ஒத்த வரி. லெட்சணமா இருக்கட்டும்னு நான் போட்ட வரி.

பாவி நான்.

இசக்கி வந்ததும் கத்தினேன். "ஏலே, நியூட்ரல்லயா இறக்குத? ஒனக்குப் புத்தி இருக்கா?"

"கியர்ல போட்டா முள்ளு படுத்துருது. நியூட்ரல் தட்டினா அம்பதுக்கு ஏறுது. ஒம் மீட்டருதானக்கா சொல்லுது?"

"மீட்டர் தப்புலே. நான் தப்பாப் போட்டுட்டேன்."

வண்டிச் சாவிய மேசையில எறிஞ்சான். "நான் ஜெயிக்கப்போதான் தப்பாத் தெரியுதோ? காதர் பாய் வந்து அழுதாரா ஒங்கிட்ட?"

சாப்பிடாமப் படுத்துட்டான்.

ஜூன் 19, வியாழன்

மூடாக்கு. துணி காயல.

அண்ணாச்சிகிட்ட எல்லாத்தையும் விளக்கினேன். படம் போட்டும் காட்டினேன். "மாசக் கடைசி வரை பழசே ஓடட்டும். பாதியில மாத்தினா டிரைவர்மாரு சண்டைக்கு வருவானுவ." காதுல ஏறவே இல்ல. எரிச்சலா வந்துச்சி.

அவுக மதியம் தூங்கப் போனதும் மாத்திட்டேன். டீசல் பூஜ்யம்னா இனி 99. நியூட்ரல்னா சிவப்பு. வேல போனாப் போவட்டும்.

இசக்கி இன்னும் பேசல. காலையில வண்டி எடுக்கப்போ எட்டிப் பாத்தேன். போன் மேல அவன் கைத்துண்டு. மீட்டரையே மூடி வச்சிருக்கான்.

ஜூன் 22, ஞாயிறு

காலை. சாரல், இங்கனயும். காரையார் அய்யனார் கோயிலுக்கு டிரிப்பு, ஒரு வீட்டு மொட்டை. ஆளு நெருக்கி ஏறியிருக்காவ, பொங்கப் பானை, அரிசி, விறகு வேற. சாமி கும்பிடணும்னு பொய் சொல்லி நானும் முன் சீட்டுல. இசக்கி முறைச்சான். வழி பூரா பேச்சில்ல. பாபநாசம் தாண்டினதும் சிக்னல் போயிட்டு.

சாயந்திரம். மலைப் பாதையில, ஒரு வளைவு ஓரம். வண்டி நிக்கி. எல்லாரும் கீழ இறங்கியாச்சி.

கோயில் நல்லபடியா முடிஞ்சிது. பொங்கல் தின்னுட்டே இசக்கி எங்கிட்ட பேசினான். "சரிக்கா, ஒனக்காக கியர்லயே இறக்குதேன், போதுமா?" துண்டையும் அவனே எடுத்துட்டான். எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சி.

முத வளைவு ரெண்டாம் கியர். மீட்டர் 99, பச்சை. "பாத்தியா?" ன்னு சிரிச்சான். ரெண்டாவதும் அப்படியே. பொறவு பின்னால ஒரு அம்மா ஏதோ கேக்க, இவன் பதில் சொல்லிக்கிட்டே ஓட்டுதான். மீட்டர் சிவப்பு. கியர் கம்பியப் பாத்தேன், நடுவுல ஆடிக்கிட்டு நிக்கி.

"ஏலே, கியரு!"

அவன் கம்பியக் குனிஞ்சி பாத்தான். அவன் மூஞ்சி வெளுத்ததப் பாத்தேன். "நான் போடலக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது. கை தானாப் போயிருக்கு."

ரெண்டாவது போட்டான். கொஞ்ச தூரந்தான். மறுபடி நியூட்ரல். மறுபடி சொன்னேன், மறுபடி போட்டான். அடுத்த வளைவுல பிரேக்க மிதிச்சான், பெடல் பஞ்சு கணக்கா உள்ள போயிட்டு. ரெண்டு மூணு தடவ குத்திக் குத்தி மிதிச்சி, மலைப் பக்கமா மண்ணுல ஒரசி நிறுத்தினான். பின்னால ஒரே அலறல். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அய்யனாரே, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

முன்சக்கரம் ரெண்டுலயும் புகை. குடத்தோட தண்ணி தூக்கிட்டு வந்தாரு ஒரு பெரியவரு, சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிக்கும், ஊத்தக் கூடாதுன்னு தடுத்தோம். தானா ஆறணும்.

மேல போன மத்த வண்டியெல்லாம் இறங்கியாச்சி, உதவிக்கு இனி ஒண்ணும் வராது. ஆறு மணிக்குள்ள செக்போஸ்ட்டத் தாண்டணும், பொறவு யானை இறங்கும்னு பாரஸ்ட் ஆளு காலையிலயே சொல்லி விட்டாரு. பாதி மலை மிச்சம் இருக்கு. நடந்து இறங்கலாம்னா, மொட்டை போட்ட குழந்தை சந்தனத் தலையோட தூங்குது, தாயிக்காரிக்குக் காலு சரியில்ல.

இசக்கி கல்லு மேல உக்காந்து இடது கையையே பாத்துக்கிட்டு இருக்கான். "எக்கா, எனக்குப் பயமா இருக்கு" ங்கான். எனக்கு அதவிடப் பயம், அவங்கிட்ட சொல்லல. அந்தக் கைக்கு மார்க்குப் போட்டுப் பழக்கினது நானு.

புகை நின்னுட்டு. பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்காம், மிதிச்சிப் பாத்துட்டான். எல்லாரும் ஏறுதாவ. ரெண்டாம் கியரப் போடச் சொல்லி, மலை முடியத வரைக்கும் கம்பிய நான் அமுக்கிப் புடிச்சிக்கிடப் போறேன். கூப்பிடுதான். கம்பி என் வலப் பக்கம். எழுதுத கைதான் அதுக்கு வேணும்.