காலின் மேல் போட்ட பழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் சளி விட்டதா, வெந்நீர்தான் குடிக்கிறாயா என்று நீ சொல்லும்வரை எனக்கு மனம் அடங்காது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நாம் பேசும்போது அப்பா பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார், அவர் காதுபட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் அப்பா காரைக் கொண்டுபோய் கேட் தூணில் இடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா. பிரேக் கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது என்றார். சர்க்கரையால் வலது காலில் பலம் குறைகிறது என்று டாக்டர் சொல்லி அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. பிரேக்குக்கு ஒண்ணுமில்ல, உங்க கால்தான் என்றேன் நான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்ப்பா என்று நீயும் போனில் சொன்னாய். மூவரும் சிரித்தோம், அவரும்தான். மறுநாள் சாவியை என் கைப்பையில் போட்டுவிட்டார். எனக்கு பஸ்ஸே பழகிவிட்டதால் கார் அப்படியே நின்றது. அப்பா முதலில் வண்டியை விட்டார், பிறகு சாயங்கால நடையை விட்டார், பிறகு டாக்டர் சொன்ன கால் பயிற்சியையும் விட்டுவிட்டார். உதவாத காலுக்கு எதுக்கு உபசாரம் என்பார். நானும் அலுத்துப்போய்க் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக நானே காரை எடுத்தேன். தெருமுனையில் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தும் வண்டி பாட்டுக்கு உருண்டது. இரண்டு காலாலும் மிதித்துத்தான் நிறுத்தினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஊர்ந்தபடியே வீடு திரும்பினோம். நாம் 'இதோ வந்துட்டேன்' என்று பெயர் வைத்த மெக்கானிக் வழக்கம்போல மூன்றாம் நாள் வந்தார். பிரேக் பூஸ்டர் போய்விட்டதாம். நம் கால் அழுத்துவதைப் பல மடங்காக்கித் தருவது அதுதான், அது போனால் பயில்வான் மிதித்தாலும் இப்படித்தான் என்றார். இது இன்னைக்கு நேத்து போனதில்லீங்க, மாசக்கணக்கா இருக்கும் என்று அவர் சொன்னபோது நான் அப்பா பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவிலேயே மாற்றினோம். இன்ஜின் பக்க வேலையை மெக்கானிக் பார்த்தார். உள்ளே பெடலுக்கு மேலே நான்கு நட்டு இருக்கிறது, அவர் தொந்தி அங்கே இடம் கொடுக்காததால் நான்தான் தலைகீழாகப் படுத்துக் கழற்றினேன். அப்பா நட்டுகளை ஒரு டப்பா மூடியில் வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா என்று கேட்டார். அவர் கேலி பேசி எத்தனை நாளாயிற்று. புதியதை மாட்டி முடித்ததும், சார் ஓட்டிப் பார்க்கட்டும் என்றார் மெக்கானிக். அப்பா உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பிரேக் இலேசாக இறங்கியது. ஆனால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலைத் தூக்கி வைக்க அவரால் முடியவில்லை. முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார், மூன்று தடவை. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டி நல்லா இருக்கு, அம்மாவே ஓட்டட்டும் என்று சொல்லி இறங்கிவிட்டார். ஐந்து மாதம் அசைக்காமல் போட்டுவைத்த கால், இனி எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்கிறார் சர்க்கரை டாக்டர். தூணில் இடித்த அன்று அந்தக் கால் வண்டி ஓட்டுகிற காலாகத்தான் இருந்தது பாப்பா. இப்படி ஆக்கினது நாம்தான்.

தப்பு என்னுது என்று அவரிடம் சொன்னேன். விடு, பாப்பாகிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவா என்றார். அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொன்னால், பார்க்கலாம் என்கிறார். அவர் காலைப் பற்றி நான் பேச இனி எனக்கு முகமில்லை. உன் பேச்சு அவரிடம் எடுபடும். இந்த ஞாயிறு என்னிடம் பேசாமல் போனை நேரே அவரிடம் கொடுக்கச் சொல். நீங்க சொன்னதுதான் சரிப்பா என்று முதலில் சொல், பயிற்சியைப் பற்றி அப்புறம் பேசு. அம்மா சொல்லிவிட்டாளே என்று என்மேல் கோபப்பட்டால் படட்டும். நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

நீ நோய்நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறு மறந்துவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா