மூன்றாவது தீர்வு நிற்கவில்லை, வனிதா

என் வனிம்மாவுக்கு,

இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரமாகத் தவிக்கிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

மண்ணூர் வீட்டில் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் ஷிஃப்டுக்குப் போகிறேன், வருகிறேன். கம்பெனி பஸ் ஒரகடத்தில் திரும்பும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன். காலேஜில் கணக்கு வகுப்பு எடுத்துவிட்டு ஸ்கூட்டியில் வந்த உன்னை அங்கேதானே அந்த லாரி அடித்தது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீ எப்படி இருந்தாய்! அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நீ கவனிக்கவே இல்லை. "மூணு தீர்வும் வந்துடுச்சுங்க!" என்று கத்தினாய். உன் பிஎச்.டி. ஆராய்ச்சி எனக்குப் புரியட்டும் என்று, "ரெண்டு முனையையும் ஐஸ்ல வெச்ச கம்பின்னு நெனச்சுக்கோங்க. உள்ளேர்ந்து சூடு வந்துகிட்டே இருக்கு. அது ஒரே மாதிரிதான் பரவி நிக்கணும்னு இல்ல, மூணு விதமா நிக்கலாம். மூணுமே பூஜ்ஜியத்துக்கு மேல" என்றாய்.

"எங்க, அந்த மூணையும் காட்டு."

"காட்ட முடியாதுங்க. இருக்குன்னு நிரூபிக்கத்தான் முடியும்." எவ்வளவு சிரித்தாய்!

போன வாரம் தேவி வந்தாள். உன் கைடிடம் ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவள். உன் கட்டுரையை உன் பெயரிலேயே வெளியிட அவள்தான் சரிபார்க்கிறாள். ஓரிடத்தில் சந்தேகம், மேடம் வேறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா பார்க்கிறேன் என்று உன் கம்ப்யூட்டரில் தேடினாள். சாப்பிடக் கூப்பிடப் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா?"

"மூணாவது நிக்கலண்ணா. முனைக்குக் கிட்ட மேடம் போட்ட நிபந்தனை உடைஞ்சுபோகுது. ரெண்டு சரியா இருக்கு. மூணாவது இருக்கா இல்லையான்னே சொல்ல முடியல. கைட் சாரும் பாத்துட்டாரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்டியே போட்டுடும்மா. யாருக்குத் தெரியப்போவுது? மூணுன்னு நெனச்சிகினே போய்ச் சேந்துட்டா அவ."

 தேவியை நான் என்ன குறை சொல்ல? உன்னைத்தான் கொண்டுபோயாகிவிட்டது, உன் கடைசி சந்தோஷத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா என்றிருந்தது. நீ இருந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் மறுபடி உட்கார்ந்திருப்பாய். உனக்கு அந்த மறுநாள் இல்லையே, வனி.

கடைசியில் நான்தான் சொன்னேன். "ரெண்டுன்னே போடும்மா. தப்புன்னு தெரிஞ்சிருந்தா மூணாவத அவளே அடிச்சிருப்பா."

இரண்டும் உறுதியாக நிற்கிறதாம். எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அது தவறு என்று நீ தெரிந்துகொள்ளாமல் போனது நல்லதா, கொடுமையா? யாரைக் கேட்பேன்?

உன் பெயரில் பொய்யாக ஒரு வரிகூட வர விடமாட்டேன். இது சத்தியம். ஆனால் என் பெண்டாட்டி அந்தச் சாயங்காலம் எத்தனை கண்டுபிடித்தாள் என்று என்னை யாராவது கேட்டால், மூன்று என்றுதான் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
முருகேசன்