உள்வேலி ஓரம் ஒரு குதிரைக்கு இடம்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் எலும்பு எதுவும் முறியாமல், அரை வயிறாவது சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், ஜாக்கி வீட்டில் நலம் விசாரிக்க இதற்கு மேல் என்ன இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுவாய். கடிதம் என்றால் நீ பேச முடியாது பார், அதுவே பெரிய சௌகரியம். உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்து, அண்ணி உனக்கு இவ்வளவு சுருக்கமா என்று கேட்டாள், பார்வை திரும்பிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வாஷிங் மெஷின் மறுபடி நின்றுவிட்டது, அப்பாவின் ரப்பர் கோட்டை உள்ளே போட்டால் அது என்ன செய்யும் பாவம். ஐம்பது தாண்டியும் எடை குறைக்க அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், எடை முள் ஒரு கோடு கூடக் காட்டினால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா.

போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா. உன் பயிற்சியாளர் உன்னைப் பிடித்துத் திட்டினார் என்று, உள்வேலிப் பக்கம் அத்தனை இடம் கிடக்கும்போது வளைவில் ஏன் வெளியே விலகுகிறாய், அங்கே என்ன பேயா உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார் என்று. மாதக் கடைசிப் பந்தயத்திலும் விலகினால் வேறு லாயம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னாய். அதோடு விட்டிருந்தால் நானும் அவரைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அப்புறம் நீயாகவே, "என்னன்னு தெரியலம்மா, வளைவுல பின்னாடி இருந்து யாரோ உள்ள வரேன்னு நம்ம பாஷையில கத்துற மாதிரி இருக்கு, சட்டுனு கடிவாளத்தை வெளிய இழுத்துடறேன், திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல" என்றாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ ஹலோ ஹலோ என்றாய், லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டாய். லைனெல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ள வரேன் என்று நீ சொன்ன அந்த வார்த்தையை நாங்கள் யாரும் உனக்குச் சொன்னதில்லை.

என் அண்ணன், உன் எலி மாமா, பந்தயத்தில் விழுந்து இறந்தான் என்று உனக்குத் தெரியும், ஹாலில் படம் இருக்கிறது. எப்படி என்று நீ கேட்டதில்லை, கேட்காத மாதிரியே நாங்கள் உன்னை வளர்த்துவிட்டோம். அவனும் அப்பாவும் ஒரே லாயத்தில் சாணி அள்ளி, ஒரே குதிரையிடம் உதை வாங்கி, ஒரே சீசனில் ஜாக்கி ஆனவர்கள். எனக்கு அப்பாவைப் பார்த்து வைத்ததே அவன்தான். "அவனுக்கு வாயே கிடையாது, உனக்கு வாய் ஜாஸ்தி, கணக்கு சரியா வரும்" என்றான். வேலிக்கும் முன்னால் போகிற குதிரைக்கும் நடுவில் ஒரு சந்து கிடைத்தால் போதும், புகுந்து வெளியே வந்துவிடுவான், அதனால்தான் எலி. அன்றைக்குக் கடைசி வளைவில் அப்பா முன்னால், இவன் பின்னால் உள்பக்கமாக. முன்னால் இருப்பவனுக்குக் குரல் கொடுத்துவிட்டு நுழைவது உங்கள் தொழிலில் உள்ளதுதானே. "மாப்ள, உள்ள வரேன்" என்று கத்தினான். அப்பா இடம் விட்டார், ஒரு குதிரை தாராளமாகப் போகிற இடம். அவன் குதிரையின் மூச்சு அவர் முழங்கால் பக்கம் வரை கேட்டதாம், அப்புறம் கேட்கவில்லை. அந்தக் குதிரைக்கு முன்னங்கால் உடைந்து அவனோடு விழுந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன், அவன் கூடப் பிறந்தவள் சொல்கிறேன். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை, வரேன் என்று சொன்னவன் இன்னும் வந்து சேரவில்லை.

அன்றிலிருந்து அவர் வேலி ஓரம் ஒரு குதிரைக்கு இடம் விட்டுத்தான் ஓட்டுகிறார். எந்தப் பந்தயமானாலும், எந்தக் குதிரையானாலும், எத்தனை பேர் திட்டினாலும். வளைவில் தூரம் கூடும், ஜெயிக்க வேண்டிய குதிரை மூன்றாவதாக வரும், முதலாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்படியும் இத்தனை வருஷம் அவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்றால் அந்தக் கையில் இருக்கிற வித்தை அப்படி, பிடிவாதக் குதிரை எல்லாம் அவர் தொட்டால் அடங்கும். கேலரியில் இருப்பவர்கள் அவருக்குக் கதவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எப்போதும் திறந்தே இருக்குமாம். வீட்டிலும் நடையில் சுவரோரம் ஓர் ஆள் போகிற இடம் விட்டுத்தான் நடப்பார். நான் அங்கே துடைப்பத்தைச் சாத்தினால் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வேறு இடத்தில் வைப்பார். தூக்கத்தில் வா வா என்பார், சில நாள் அண்ணன் கத்தினது போலவே அவரும் கத்துவார். உன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்திருக்கிறாய், அதுதான் உன் காதில் தங்கிவிட்டது என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொள்கிறேன். பகலில் அதை நம்பவும் செய்கிறேன்.

எனக்கு அந்த இடைவெளி பிடித்திருந்தது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் எல்லோரும் குதிரையைப் பார்ப்பார்கள், நான் வேலிக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பார்ப்பேன். வளைவில் அந்தக் காலி இடமும் அவர் கூடவே ஓடிவரும், அதில் புழுதி வேறு மாதிரி எழும்புவது போல இருக்கும், அண்ணன் குனிந்து ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷமும் எனக்கு அண்ணன் இருந்தான். நீ போனில் அப்படிச் சொல்லும் வரை அதனால் யாருக்கும் கெடுதல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார், பிரஷ் நின்றுவிட்டது. அப்புறம் என் போனை வாங்கி, நீ ஓட்டின பந்தயம் ஒவ்வொன்றிலும் வளைவை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார், சத்தத்தை அடைத்துவிட்டு. கடைசியில், "நான் இதை அவளுக்குச் சொல்லித் தரலையே" என்றார். சொல்லித் தர வேண்டுமா என்ன, காலைப் பயிற்சியில் வருஷக்கணக்காக அவர் குதிரை போன தடத்திலேயே உன் குதிரையை விட்டவள் நீ. அவருக்கு நீ தோற்பது பெரிதாகப் படவில்லை. "நான் ஆரம்பத்துலேர்ந்தே விலகி ஓட்டறேன், பின்னால வரவனுக்குத் தெரியும். இவ திடீர்னு வெளிய இழுக்கறா. வெளிப்பக்கம் ஒரு குதிரை வந்துட்டிருந்தா ரெண்டும் மோதிக்கும், இவ கீழ போயிடுவா" என்றார்.

போன சனிக்கிழமை அவருக்கு ஒரு செம்பட்டைக் கிழட்டுக் குதிரை, யாரும் ஆசைப்பட்டு ஏறாதது. நான் வழக்கம் போல ஜாக்கி வீட்டுக்காரர்கள் உட்காரும் வரிசையில் இருந்தேன். வளைவு வந்தது. என் கண் அந்த இடத்துக்குப் போயிற்று, இடம் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் குதிரை சறுக்குகிறது என்று நினைத்தேன். அப்பா வேலியோடு வேலியாக உள்ளே போய்விட்டார், இடமே இல்லை, ஒரு கை நுழைகிற இடம் கூட இல்லை. நான் எழுந்து நின்று அண்ணா என்று அலறிவிட்டேன். பக்கத்தில் இருந்த புது ஜாக்கியின் பெண்டாட்டி, நான் குதிரைக்கு உற்சாகம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவளும் சேர்ந்து கத்தினாள். மேலே கேலரியில் எவனோ, "டேய், கதவு சாத்திடுச்சுடா" என்றான், அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நாலாவதாக வந்தார். எனக்கு அது நாலாவதா நாற்பதாவதா என்று பார்க்கத் தோன்றவில்லை, வேலி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், துப்புரவு ஆள் வந்து கிளம்பச் சொல்லும் வரை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நான் போட்டதை எல்லாம் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு, "இன்னைக்கும் கூப்பிட்டான். இரு, நானே வந்து பார்க்கறேன்னு சொல்லிட்டு உள்ள போனேன்" என்றார். போய் என்ன பார்த்தீர்கள் என்றேன். "வேலி இருந்துது. புல்லு இருந்துது. வேற ஒண்ணும் இல்ல. அங்க யாரும் இல்லம்மா" என்றார். என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் வைத்திருந்தவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க முடியாதா, யாரைக் கேட்டு உள்ளே போனீர்கள் என்று கத்தினேன். அவர், அவளுக்கு எழுது, நான் எழுதினா அவளுக்குப் புரியாது என்று மட்டும் சொன்னார். நான் எழுத மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றினேன். எழுதினால் அவனை நானே கையைப் பிடித்து வெளியே விட்ட மாதிரி ஆகிவிடும். இப்போது அப்பா தூக்கத்தில் கத்துவதில்லை, கட்டை மாதிரித் தூங்குகிறார். அந்த அமைதியில் எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை, கேட்காத குரலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். அப்படிப் படுத்திருந்த போதுதான், கண்ணை மூடினால் வேலி ஓரம் விழுந்து கிடப்பது அண்ணனாக இல்லை, உன் தொப்பியும் உன் சட்டையுமாக இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாதக் கடைசிக்குள் கடிதம் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொல்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் கிளம்புவதற்கு உனக்கு முதல் கூண்டு, வேலியை ஒட்டின இடம் என்று சொன்னாய். அந்த இடத்தை விடாதே. எடை பார்த்து முடிந்ததும் மறக்காமல் ஏதாவது குடி, எடை குறைக்க வெந்நீரில் ரொம்ப நேரம் கிடக்காதே, பழைய தோள்பட்டை முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஏறு. அப்பா சொல்வது போல அங்கே யாரும் இல்லை என்றால் நல்லது. ஆனாலும் அவர் ஒரு தடவைதான் பார்த்தார், எனக்கு அவர் கண் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வளைவில் குரல் கேட்டால் திரும்பாதே, கடிவாளத்தை இழுக்காதே, வேலியை விட்டு நகராதே. "மாமா, அப்பா இனிமே உங்களுக்கு இடம் விட மாட்டார், நானும் விட மாட்டேன், அம்மா உங்களை வீட்டுக்கு வரச் சொன்னாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நேரே போய்க்கொண்டே இரு. நான் சொன்னால் அவன் கேட்பான், சின்ன வயதிலிருந்தே கேட்பான். உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருப்பாய். அவனை என்னிடம் அனுப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா